கிண்ண மூடியின் ஈரம்

குராமோச்சி வீட்டுக்கு நான் முதலில் போனது ஜூன் மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில். கோபே துறைமுகத்துக்கு மேலே, தெரு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் அந்த வீடு இருந்தது. கல் மதில், பாசி படிந்த பைன் மரம், ஒரு சின்னக் கதவின் அளவுக்கு வெண்கலப் பெயர்ப்பலகை. வாசலில் குடையை மடக்கும்போது காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை வந்தது. குராமோச்சி காப்பிக் கம்பெனித் தலைவரின் வீடு, அது வராமல் இருக்குமா. அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. அலை வற்றிய நேரத்தில் படகுத்துறைக் கற்களிலிருந்து எழுமே, உப்பும் பாசியும் அழுகலும் கலந்து, அது.

கடல் வெகு கீழே இருந்தது. காற்றும் மலையிலிருந்துதான் அடித்தது.

என் பெயர் முராகி. வம்சாவளி தேடிக் கொடுப்பது என் தொழில். கோயில் ஏடுகள், குடும்பப் பதிவேடுகள், கப்பல் பயணிப் பட்டியல்கள் எல்லாவற்றையும் துழாவி, பாட்டனுக்குப் பூட்டன் யார் என்று பட்டுச் சுருளில் எழுதிக் கொடுப்பேன். வருகிறவர்கள் எல்லாம் உட்காரும் முன்பே தங்களுடையது சாமுராய் வம்சம் என்று சொல்லிவிடுவார்கள். என் முன்னோர் எருவண்டி ஓட்டினார் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தக் காலத்து வயல்களுக்கு எருவையும் சாமுராய்களே வாள்முனையில் அள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

குராமோச்சியின் ஆசை அவ்வளவு பழையது அல்ல. அவருடைய ஆசைக்குப் பெயர் முதல் வகுப்பு. வரும் இலையுதிர் காலத்தில் அவருக்கு எழுபத்தேழு வயது நிறைகிறது. அதற்கு ஒரு குடும்ப வரலாற்று மலர் போட வேண்டும். அவருடைய தந்தை தோகிச்சி 1933-ல் பிரேசிலுக்குக் கப்பல் ஏறியதும், அங்கே காப்பித் தோட்டங்களைப் பார்வையிட்டதும், திரும்பி வந்து கம்பெனி தொடங்கியதும்தான் அதில் வரவேண்டிய வீரகாவியம். சுவரில் தோகிச்சியின் படம் தொங்கியது. வெள்ளை சூட்டில், கப்பல் கைப்பிடியில் சாய்ந்தபடி, பின்னால் அலைகடல். கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தக் கடலின் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு மடிப்பு ஓடியது. ஸ்டுடியோவின் திரைத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் விழுகிற மடிப்பு.

"முதல் வகுப்பு தளத்துல எடுத்தது," என்றார் குராமோச்சி.

"ரொம்ப அமைதியான கடல்," என்றேன் நான்.

மதியம் அங்கேயே சாப்பிட வைத்தார்கள். அவருடைய மனைவி சுமியே எதிரே உட்கார்ந்தார். கிமோனோவின் கழுத்துப்பட்டைக்குள் கழுத்து, மூங்கில் குழாய்க்குள் செருகிய சாப்பாட்டுக் குச்சி போல இருந்தது. மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவர் சாப்பிடத் தொடங்கினார். ஒரு கிண்ணம் சோறு. இன்னொன்று. இன்னொன்று. மீன், முள்ளங்கி ஊறுகாய், சூப், மறுபடி சோறு. பேச்சில்லாமல், குனிந்த தலை நிமிராமல், யாரோ பின்னால் நின்று பிடுங்கிக்கொள்வார்கள் என்பது போல.

குராமோச்சி ஜன்னல் வழியாகப் பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டு கம்பெனியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தவர் சுமியேதான். காலணியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் முகம் என் முகத்தருகே இருந்தது.

"முராகி-சான், மலர் கிலர் எல்லாம் அவர் மானத்துக்கு. உங்களை வரவழைச்சது எனக்காக," என்று கிசுகிசுத்தார். போன அக்டோபரிலிருந்து இப்படி. மருத்துவர்கள் உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டார்கள், ஒரு நோயும் இல்லை, ஆனால் இதே வேகத்தில் இளைத்தால் புத்தாண்டைப் பார்ப்பது கடினம் என்றார்களாம். கடைசியில் குடும்பக் கோயிலின் குருக்கள்தான், வீட்டில் ஒருவர் பட்டினி கிடக்கிறார், பெயர் தெரியாமல் சோறு படைக்க முடியாது, பெயரைக் கண்டுபிடியுங்கள் என்றிருக்கிறார். கம்பெனித் தலைவர் பேய் தேட ஆள் வைத்தார் என்று ஊர் சிரிக்கக் கூடாதே. அதனால் பிறந்தநாள் மலர்.

"சாப்பிடறது நான்தான்," என்றார் சுமியே. "பசி என்னோடது இல்ல."

அவர் மூச்சில் அந்தப் படகுத்துறை வாசனை அடித்தது.

*

கப்பல் பயணிப் பட்டியலில் ஆளைத் தேடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆவணக் காப்பகத்தில் படச்சுருளை வாங்கி, கருவியில் மாட்டி, கண் எரியும்வரை உருட்ட வேண்டும். மரியாதைக்காக முதல் வகுப்பிலிருந்து தொடங்கினேன். தூதரக அதிகாரி ஒருவர், பட்டு வியாபாரிகள் சிலர், ஒரு பாதிரியார். தோகிச்சி இல்லை. இரண்டாம் வகுப்பிலும் இல்லை. மூன்றாம் வகுப்பு பக்கம் பக்கமாக ஓடியது. எல்லாம் பிரேசில் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன குடும்பங்கள்.

அந்தக் கூட்டத்தின் நடுவில் இருந்தார் நம் வீரர்.

குடும்பத் தலைவர் குராமோச்சி தோகிச்சி. மனைவி ஷிகே. தங்கை இசோ, வயது பதினாறு.

இந்தத் தங்கையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் தொழிலில் இந்த மாதிரித் தங்கைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். குடும்பத்தில் உழைக்கிற வயதில் மூன்று பேராவது இருந்தால்தான் அன்று பிரேசிலுக்கு அனுப்புவார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் மூன்றாவது ஆளுக்கு எங்கே போவார்கள்? அடுத்த ஊரில் யார் வீட்டுப் பெண்ணையாவது காகிதத்தில் தத்தெடுத்து, தங்கை என்று எழுதி, கப்பலில் ஏற்றிவிடுவார்கள். பாதிக் கப்பல் இப்படி இரவல் தங்கைகளும் இரவல் மாமன்களுமாகத்தான் போனது.

அடுத்த சுருளைப் போட்டேன். அது கப்பல் போய்ச் சேர்ந்த சாந்தோஸ் துறைமுகத்தில் எழுதிய பட்டியல். தோகிச்சி இருந்தார், ஷிகே இருந்தார். மூன்றாவது பெயரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில் சிறிய எழுத்தில்: கொழும்பு தாண்டி, கடலில், காய்ச்சலால் மரணம்.

அந்த வரி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. திரையில் நீராவி படிந்திருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன்.

போகவில்லை.

மறுபடி துடைத்தேன். கைக்குட்டை காய்ந்தே இருந்தது. நீர் கண்ணாடியின் உள்பக்கம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துளிகளாகத் திரண்டு, அந்தப் பெயரின் மேல் மெல்ல வழிந்தது.

*

குராமோச்சி பட்டியலின் பிரதியை ஒரு முறை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். தன் தந்தைக்குத் தங்கை கிடையாது என்றார். குடும்பப் பதிவேட்டின் நகலைக் காட்டினேன்: கப்பல் புறப்படும் முன் தோகிச்சியின் தகப்பனார் உள்கடல் தீவு ஒன்றிலிருந்து இசோ என்ற பெண்ணைத் தத்தெடுத்திருக்கிறார், சட்டப்படி அவள் குராமோச்சி வீட்டுப் பெண், இறந்த செய்தியும் குராமோச்சி வீட்டுக்குத்தான் வந்து பதிவாகியிருக்கிறது. அதையும் கவிழ்த்து வைத்தார்.

"அந்தக் கப்பல்ல முதல் வகுப்பும் இருந்துச்சுல்ல?" என்று கேட்டார்.

இருந்தது என்றேன்.

"அப்ப அப்பா அதே கப்பல்லதான் போயிருக்கார். பொய் இல்லையே."

காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஆனால் அக்டோபர் என்ற சொல் என்னை அரித்தது. தொண்ணூறு வருடத்துக்கு முன் செத்தவள் போன அக்டோபரில் ஏன் பசித்து வர வேண்டும்? அடுத்த வாரம் தீவுக்குக் கப்பல் ஏறினேன்.

இசோவின் பிறந்த வீட்டில் மிச்சம் இருந்தவர் அவளுடைய அண்ணன் பேரன் குனியோ. அறுபது வயது, துறையில் மீன்பிடிப் படகு எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். என் அட்டையை எண்ணெய்க் கையால் வாங்கி, தூரப் பிடித்துப் படித்தார்.

"வம்சாவளி ஆராய்ச்சியாளரா? எங்க வம்சத்துல ஆராய என்ன இருக்கு. பாட்டன் மீன் பிடிச்சான், நான் மீன் பிடிக்கிறவனுக்கு எஞ்சின் பாக்கறேன். முடிஞ்சுது ஆராய்ச்சி. டீ குடிச்சுட்டுக் கிளம்புங்க."

இசோ என்ற பெயரைச் சொன்னேன். கையிலிருந்த திருகுசாவியை மெதுவாகக் கீழே வைத்தார்.

வீடு துறைக்குப் பின்னால், பூட்டிக் கிடந்தது. குனியோ பூட்டைத் திறந்து கதவைத் தள்ளியதும் பூஞ்சணமும் பழைய பாயும் கலந்த காற்று முகத்தில் மோதியது. இருட்டுச் சமையலறையில், மற்ற பாத்திரங்களிலிருந்து தள்ளி, ஒரு குட்டைக் கால் பலகை இருந்தது. அதன் மேல் மூடி போட்ட ஒரே ஒரு கருப்பு அரக்குக் கிண்ணம்.

தூர தேசம் போன ஆளுக்கு வீட்டில் தினமும் ஒரு வேளை சோறு எடுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். போன இடத்தில் பட்டினி கிடக்காமல் இருப்பார்கள் என்று நம்பிக்கை. பிறகு மூடியைத் திறந்து பார்ப்பார்கள். உள்பக்கம் வேர்த்து நீர்த்துளி நின்றால் ஆள் சுகம். வறண்டிருந்தால் ஆள் இல்லை.

இசோவின் தாய் வைத்திருக்கிறாள். அவளுக்குப் பின் மருமகள். அவளுக்குப் பின் குனியோவின் அம்மா. போர் வந்தது, பஞ்சம் வந்தது, ஒரு நாளும் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் வந்து சொல்லவில்லையே. குனியோ சின்ன வயதில் கேலி செய்வாராம்: அத்தைப்பாட்டி நம்மையெல்லாம் விட அதிகமாகத் தின்கிறாள் என்று.

"மூடி?" என்று கேட்டேன்.

"ஈரம்தான். தினமும். சூடா சோத்தைப் போட்டு மூடினா எருமை மாடு கூட வேர்க்கும், இதுல என்ன அதிசயம்னு அம்மாவைக் கிண்டல் பண்ணுவேன்." மூடியை விரலால் தடவினார். "கடைசில அம்மாவால அடுப்பு மூட்ட முடியல. ஆறின சோத்தைத்தான் வெச்சாங்க. அப்பவும் ஈரம்."

அம்மா எப்போது இறந்தார் என்று கேட்டேன். கேட்கும் முன்பே பதில் எனக்குத் தெரியும்.

போன அக்டோபர்.

பட்டியலின் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் போய்ப் படித்தார். படித்துவிட்டு வெளியே பார்த்தார். எதிர்க்கரையில், மழைமூட்டத்துக்குள், கோபே பக்கத்து மலைகள் மங்கலாகத் தெரிந்தன. தோகிச்சி ஊர் திரும்பி, கம்பெனி வைத்து, மாளிகை கட்டி, வாழ்ந்து முடித்த இடம். கப்பலில் ஒரு மணி நேரத் தூரம்.

"ஒரு தபால் போட்டிருக்கலாம்," என்றார் குனியோ. "அவ செத்துட்டான்னு ஒரு வரி."

கிண்ணத்தை ஒரு துணியில் கட்டி என் கையில் வைத்தார். கூட்டிப்போனவர்கள் சோறு போடட்டும், தங்கை என்று எழுதித்தானே கொண்டுபோனார்கள், தங்கையாகவே போடச் சொல்லுங்கள் என்றார்.

திரும்பி வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலிக் கிண்ணம். பாதி வழியில் தொடை சில்லிட்டது. பையைத் திறந்தேன். கட்டிய துணி நனைந்து, நீர் சொட்டியது.

*

குராமோச்சி ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பெரிய மனிதர்கள் எப்போதும் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் வகுப்பில் போகிறவர் தம்பதியாகப் போனால் துணைக்கு ஒரு வேலைக்காரிப் பெண் போவது இயல்புதானே? இசோவை அப்படிப் போட்டுவிட்டால் குருக்கள் கேட்ட பெயரும் ஆயிற்று, மலருக்கு ஒரு களையும் ஆயிற்று. அந்தப் பக்கத்தை அவரே எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டார். குனியோ சொன்னதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, தீவு மக்களுக்கே உணர்ச்சி அதிகம் என்றார்.

கிண்ணத்துக்கும் இடம் கொடுத்தார். தங்க வேலைப்பாடு செய்த பெரிய முன்னோர் மாடத்தில் அல்ல. சமையலறையில், பின்கதவோரம், பழைய நாளில் வேலையாட்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மூலையில். சுமியே தினமும் அங்கே சோறு வைத்தார். சோறு வைத்த பிறகு அவர் இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார். இன்னும் இளைத்தார்.

"அங்க வெச்சா அவ தொட மாட்டேங்கறா," என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார். "மாடத்துல வெச்சிடலாம்னு அவர்கிட்ட சொல்லிப் பாத்தேன். விழா முடியட்டும்கறார்."

பிறந்தநாள் விழா துறைமுகத்தைப் பார்த்த ஒரு ஹோட்டலில், பட்டப்பகலில் நடந்தது. வர்த்தக சபைத் தலைவர், வங்கி மேலாளர்கள், மேயரின் பிரதிநிதியின் பிரதிநிதி. ஆளுக்கொரு மலர். எல்லோர் முன்னாலும் மூடி போட்ட சூப்புக் கிண்ணம். குராமோச்சி எழுந்து படித்தார். "என் தந்தை, தம் துணைவியாருடனும், இசோ என்ற வேலைக்காரிப் பெண்ணுடனும், முதல் வகுப்பில்..."

கைதட்டல். பிறகு எல்லோரும் கிண்ணத்தில் கை வைத்தார்கள்.

மூடி வரவில்லை.

சூடான கிண்ணத்தின் மூடி சில சமயம் இறுகிக்கொள்ளும், கிண்ணத்தின் வயிற்றை லேசாக அமுக்கினால் விட்டுவிடும். எல்லோரும் அமுக்கினார்கள். அந்தப் பெரிய கூடத்தில் கனவான்கள் அத்தனை பேரும் தத்தம் கிண்ணத்தோடு மரியாதையாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எல்லா மூடிகளும் ஒரே நேரத்தில் விட்டன.

மூச்சுவிட்டது போல ஒரு சத்தம்.

மூடிகளின் உள்ளிருந்து நீர் கொட்டியது. மடியில், மேசை விரிப்பில், மலர்களின் மேல். நான் என் கிண்ணத்தை வாயில் வைத்தேன். உப்பு. சூப்பின் உப்பு அல்ல. நீந்தத் தெரியாதவன் முதல் முறை குடிக்கிற உப்பு. கூடமெங்கும் தொண்டைகள் ஏறி இறங்கின. ஒருவரும் துப்பவில்லை. வர்த்தக சபைத் தலைவர் கண்ணில் நீர் முட்ட விழுங்கிவிட்டு, "தலைவர் வீட்டு ருசியே தனி" என்றார். மற்றவர்கள் ஆமோதித்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்கள்.

நான் சுமியேயைப் பார்த்தேன். அவர் தன் மூடியை மல்லாத்தி வைத்திருந்தார்.

அது வறண்டிருந்தது.

அவர் சாப்பாட்டுக் குச்சிகளை இணையாக வைத்தார். தொட்டது ஒன்றும் இல்லை. எழுந்து, யாரும் கவனிக்காதபடி சுவரோரமாக நடந்து வந்தார். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

"பசி போயிடுச்சு, முராகி-சான்," என்று கிசுகிசுத்தார். "வேலைக்காரின்னு சொன்னதும் அவ எழுந்துட்டா. வீட்டுக்குப் போறாளாம். வந்தப்போதான் தனியா வந்தா. நானாவது கூடப் போறேன்."

நான் திரும்பியபோது கூடத்தின் கதவு ஆடிக்கொண்டிருந்தது. விரிப்பில் ஈரக் கால்தடங்கள். சுமியே காலில் வெள்ளைக் காலுறையும் செருப்பும் இருந்தன. தடங்கள் இரண்டு வரிசையாகப் போயின. ஒன்று செருப்பு.

மற்றது வெறுங்கால்.

துறைக்கு ஓடினேன். தீவுக்கப்பல் கரையை விட்டு நகர்ந்திருந்தது.

*

தீவில் அவர் இறங்கவில்லை. போலீஸார் கப்பலைச் சோதித்தார்கள், கடலிலும் தேடினார்கள். வீட்டுச் சமையலறையில் கருப்புக் கிண்ணம் இல்லை. அவர் விழாவுக்கே அதைத் தன்னோடு எடுத்து வந்திருக்க வேண்டும். கப்பலில் பயணிகள் பெயர் எழுதுகிற சீட்டை அதிகாரி எனக்கும் காட்டினார். சுமியேயின் கையெழுத்துதான். இரண்டு பெயர். குராமோச்சி சுமியே. குராமோச்சி இசோ. என்ன உறவு என்ற இடத்தில், அத்தை.

அதுவரை நான் தேடிக் கண்டுபிடித்த பட்டியல்களிலேயே பொய் இல்லாதது அது ஒன்றுதான்.

பனிக்காலத்தில் குராமோச்சி என்னை வரச் சொன்னார். வாசலில் வெண்கலப் பலகை துடைக்காமல் பச்சை படிந்திருந்தது. காப்பி வாசனை இல்லை. மற்ற வாசனை மட்டும் இருந்தது. அவர் உட்காரும் முன்பே சொன்னார், மலரை மறுபடி அச்சடிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு என்று போடுங்கள். தங்கை என்று போடுங்கள். சுவரில் தோகிச்சியின் படம் இருந்த இடம் வெளிறித் தெரிந்தது.

"என்ன வேணும்னாலும் போடுங்க, முராகி-சான். அவ திரும்பி வந்தாப் போதும்."

முன்னோர் மாடத்தின் முன்னால் ஒரு தட்டு, அதில் மூடி போட்ட ஒரு கிண்ணம் இருந்தது. தினமும் அவரே சோறு வடிக்கிறாராம். முதலில் குழைந்தது, இப்போது பதம் வந்துவிட்டது என்றார். மூடியைத் திறக்கச் சொல்லி என்னை வற்புறுத்தினார். திறந்தேன். உள்பக்கம் முழுக்கத் துளிகள்.

"பாத்தீங்களா? ஈரம். உசுரோடதான் இருக்கா."

அவர் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு பணிவு இருந்தது. தீவில் அந்தக் கிண்ணம் தொண்ணூறு வருடம் ஈரமாகவே இருந்ததை நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அவர் மறந்திருந்தார். நான் மறுபடி சொல்லவில்லை.

விரலில் பட்ட துளியை, அவர் பார்க்காதபோது நாக்கில் வைத்தேன். உப்பு.

மூடியைத் திரும்ப வைக்கக் குனிந்தேன். தட்டில் சாப்பாட்டுக் குச்சிகள் இரண்டு ஜோடி இருந்தன. இரண்டின் நுனியும் நனைந்திருந்தது.

"ரெண்டு பேருக்கா வைக்கறீங்க?" என்று கேட்டேன்.

"இல்லையே," என்றார் குராமோச்சி. "ஒருத்திக்குத்தான்."